நட்சத்திரங்களின் காலைப் பிடித்த கொட்டகைக்காரர்!

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக்குச் சுற்றுலா போகிறவர்கள் தவறாமல் எட்டிப் பார்க்கும் இடம் ஒன்று உண்டு. ஹாலிவுட் பெருஞ்சாலையில் இருக்கும் சைனீஸ் தியேட்டர்தான் அது.

படம் பார்க்கும் எண்ணமே இல்லாமல், வாசலைப் பார்க்க மட்டும் வருகிறவர்கள் ஏராளம். வந்தவர்கள் எல்லோரும் தலையைக் குனிந்து தரையையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். சிலர் தரையில் உள்ள பள்ளத்தில் தங்கள் காலை வைத்து அளவு பார்ப்பார்கள். சிலர் மண்டியிட்டு உள்ளங்கையைப் பதித்து போட்டோ எடுத்துக்கொள்வார்கள்.

தரையில் இருப்பது எல்லாம் ஹாலிவுட் நட்சத்திரங்களின் கைத்தடம், கால்தடம்! சிமெண்டு ஈரமாக இருக்கும்போதே அவர்கள் பதித்துவிட்டுப் போனது. இதைப் பார்க்க டிக்கெட் கிடையாது. காலணா செலவு இல்லை.

இந்த வாசலை உண்டாக்கியவர் சிட் கிரவுமன். அவர் பெரிய நடிகரும் அல்ல, டைரக்டரும் அல்ல. கொட்டகைக்காரர்!

பத்திரிகை விற்ற பையன்

1879-ம் ஆண்டு மார்ச் 17-ந் தேதி அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் கிரவுமன் பிறந்தார். அப்பா பெயர் டேவிட். அம்மா பெயர் ரோசா.

கனடாவின் வடகோடியில் யூகான் என்ற பனிப்பிரதேசத்தில் தங்கம் கிடைப்பதாகச் செய்தி பரவிய நேரம். சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு ஆயிரக்கணக்கானவர்கள் அங்கே ஓடினார்கள். 1898-ம் ஆண்டு டேவிட்டும் மகனைக் கூட்டிக்கொண்டு டாசன் என்ற ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்.

தங்கம் கிடைக்கவில்லை. வயிற்றுப் பாட்டுக்கு ஏதாவது செய்தாக வேண்டுமே? குத்துச்சண்டை, வேடிக்கை நிகழ்ச்சிகள் என்று அப்பாவும் மகனும் நடத்திப் பார்த்தார்கள். மகன் பத்திரிகையும் விற்றார்.

வெளியூர்ப் பத்திரிகை அந்தப் பனிக்காட்டில் குதிரைக்கொம்பு. ஒரு நாள் கடைக்காரர் ஒருவர் கிரவுமனிடம் எக்கச்சக்க விலை கொடுத்து ஒரு பத்திரிகை வாங்கினாராம். எதற்கு இவ்வளவு காசு என்று பையனுக்கு ஆச்சரியம். பிறகுதான் விஷயம் தெரிந்தது. கடைக்காரர் தொழிலாளர்களை ஒரு இடத்தில் உட்கார வைத்து, தலைக்கு இவ்வளவு என்று வசூலித்துக்கொண்டு, பத்திரிகையை உரக்கப் படித்துக் காட்டினார்!

தங்கம் தோண்டப் போன இடத்தில் கிரவுமனுக்குக் கிடைத்தது இந்தப் பாடம்தான். சோற்றுக்குத் திண்டாடுகிறவன்கூட நாலு பேரோடு சேர்ந்து உட்கார்ந்து கதை கேட்கக் காசு கொடுப்பான்.

பூகம்பம் வந்தது

கையில் தங்கம் இல்லாமல் திரும்பிய குடும்பம் சான்பிரான்சிஸ்கோ நகரில் குடியேறியது. சினிமா அப்போதுதான் தலையெடுத்த புதுசு. அப்பாவும் மகனும் யூனிக் என்ற பெயரில் சிறிய கொட்டகை ஒன்று போட்டார்கள். கூத்தும் உண்டு, படமும் உண்டு. பிறகு லைசியம் என்று இன்னொன்றும் வந்தது. வியாபாரம் சூடு பிடித்தது.

1906-ம் ஆண்டு ஏப்ரல் 18-ந் தேதி அதிகாலை. பூமி நடுங்கியது! சான்பிரான்சிஸ்கோ நகரம் சீட்டுக்கட்டு போலச் சரிந்தது. இடிந்தது போக மிச்சத்தைத் தீ தின்றது. லட்சக்கணக்கானவர்கள் வீடு இழந்து தெருவில் நின்றார்கள். கிரவுமனின் கொட்டகைகளும் போச்சு!

வேறு யாராக இருந்தாலும் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார்கள். கிரவுமன் இடிபாடுகளைக் கிளறினார். படம் காட்டும் கருவி ஒன்று உருப்படியாகக் கிடைத்தது. ஒரு கூடாரத்துணியைத் தேடிப் பிடித்தார். உட்காருவதற்கு மாதாகோவில் பெஞ்சுகளைக் கொண்டுவந்து போட்டார். நம் ஊர் டூரிங் கொட்டகை மாதிரி ஒன்று தயார்!

மறுபடி பூமி ஆடினால் என்ன ஆவது என்று ஜனங்களுக்குப் பயம் இருக்காதா? அதற்கும் ஒரு போர்டு எழுதி மாட்டினாராம். இங்கே தலையில் விழுந்தால் துணிதான் விழும், பயப்படாமல் வாருங்கள் என்பது அதன் சாரம்.

சமைக்க அடுப்பு இல்லாதவர்களும் அந்தக் கூடாரத்துக்கு வந்தார்கள். வீடு இல்லாத ஜனங்களுக்கு இரண்டு மணி நேரம் அது வீடாக இருந்தது.

பத்து லட்சம் டாலர்

அடுத்து கிரவுமன் கண் வைத்தது லாஸ் ஏஞ்சல்ஸ் மீது. 1918-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் அங்கே ஒரு பிரமாண்டமான தியேட்டரைத் திறந்தார். கட்டிய செலவையே பெயராக வைத்துவிட்டார். மில்லியன் டாலர் தியேட்டர்! அதாவது, பத்து லட்சம் டாலர் தியேட்டர்.

அப்பா டேவிட் 1921-ம் ஆண்டு காலமானார். மகனின் அடுத்த இரண்டு சாதனைகளைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

1922-ம் ஆண்டு அக்டோபர் 18-ந் தேதி ஹாலிவுட்டில் எகிப்து நாட்டுக் கோவில் போல ஒரு தியேட்டரைத் திறந்தார். பெயரும் எஜிப்சியன்தான். டக்ளஸ் பேர்பாங்ஸ் நடித்த ராபின் ஹூட் முதல் படம். நட்சத்திரங்கள் காரில் வந்து இறங்க, ரசிகர்கள் இரு பக்கமும் நின்று வேடிக்கை பார்க்கும் ஹாலிவுட் பட விழா அன்றுதான் பிறந்தது.

அதிர்ஷ்டத்தையும் பாருங்கள். தியேட்டர் திறந்து மூன்று வாரம் ஆகவில்லை. எகிப்தில் மன்னன் துட்டன்காமனின் கல்லறை கண்டுபிடிக்கப்பட்டது! உலகம் முழுவதும் எகிப்து பற்றியே பேச்சு. தியேட்டரில் கூட்டம் அலைமோதியது.

காட்சி தொடங்கும் நேரத்தில், எகிப்து வீரன் உடையில் ஒரு ஆள் கூரை மேல் நடந்தபடி படத்தின் பெயரை உரக்கச் சொல்வான். உள்ளே போகிறவனும் பார்க்கலாம், தெருவில் போகிறவனும் பார்க்கலாம். வேடிக்கையை வாசலிலேயே ஆரம்பிப்பதுதான் கிரவுமன் பாணி.

ஈர சிமெண்டில் கால்

அந்தப் பாணியின் உச்சம் சைனீஸ் தியேட்டர். இதில் நடிகை மேரி பிக்போர்டு, அவர் கணவர் பேர்பாங்ஸ் ஆகியோரும் கிரவுமனுக்குப் பங்காளிகள். செலவு சுமார் 20 லட்சம் டாலர்.

வானத்தைத் தொடுவது போல வெண்கலக் கூரை. பவழச் சிவப்பில் இரண்டு ராட்சதத் தூண்கள். நடுவே 30 அடி உயரத்துக்குக் கல்லில் செதுக்கிய டிராகன். வாசலில் காவலுக்கு சீனக் கல் சிங்கங்கள். சீனாவில் இருந்தே கோவில் மணிகள் வந்து இறங்கின.

வேலை நடக்கும்போதுதான் அந்த விஷயம் நடந்தது. ஈர சிமெண்டில் நடிகை நார்மா டால்மேட்ஜ் தெரியாமல் கால் வைத்துவிட்டார் என்பது ஒரு கதை. கிரவுமனே கால் வைத்து, கொத்தனாரிடம் திட்டு வாங்கினார் என்பது இன்னொரு கதை. யார் கால் பட்டதோ, கிரவுமன் மூளையில் பல்பு எரிந்தது!

1927-ம் ஆண்டு ஏப்ரல் 30-ந் தேதி மேரி பிக்போர்டும் பேர்பாங்சும் முறைப்படி கைத்தடம், கால்தடம் பதித்தார்கள். மே 18-ந் தேதி தியேட்டர் திறப்பு விழா. செசில் பி.டெமில் எடுத்த ஏசுநாதர் படம் திரையிடப்பட்டது. நட்சத்திரங்களைப் பார்க்கத் திரண்ட கூட்டம் முண்டியடித்ததில் ரகளையே நடந்தது.

அதன் பிறகு கால் பதிப்பது ஒரு கவுரவம் ஆகிவிட்டது. காமெடி நடிகர் ஹரால்டு லாயிடு தன் மூக்குக் கண்ணாடியைப் பதித்தார். மூக்கால் பேர் வாங்கிய ஜிம்மி டுராண்டி மூக்கையே பதித்தார். நடிகை பெட்டி கிரேபிள் தன் அழகுக் காலைப் பதித்தார். ராய் ரோஜர்சின் குதிரைக்கும் இடம் கிடைத்தது!

நட்சத்திரம் அல்லாத ஒரு பெண்மணியின் தடமும் அங்கே உண்டு. கிரவுமனின் அம்மா ரோசா! கிரவுமன் கடைசி வரை கல்யாணமே செய்துகொள்ளவில்லை. அம்மாதான் அவருக்கு எல்லாம். கோடி கோடியாகச் சம்பாதித்த நட்சத்திரங்கள் நடுவே தன் தாயின் கையையும் பதிக்க வைத்தார்.

பொம்மைகளுக்குப் பிரசங்கம்

ஆள் பெரிய குறும்புக்காரர். ஒரு முறை படக்கம்பெனி முதலாளி ஒருவரை, கொட்டகைக்காரர்கள் கூட்டத்தில் பேச வேண்டும் என்று அழைத்துப் போனாராம். இருட்டறையில் அவர் வியர்க்க விறுவிறுக்கப் பேசினார். ஒரு கைதட்டல் இல்லை, ஒரு சிரிப்பு இல்லை. விளக்கைப் போட்டால், உட்கார்ந்திருந்தது எல்லாம் மெழுகுப் பொம்மைகள்!

சிரித்தாரே தவிர, சொத்து அவர் கையில் நிற்கவில்லை. 1929-ம் ஆண்டு சைனீஸ் தியேட்டரில் தன் பங்கை பாக்ஸ் கம்பெனிக்கு விற்றுவிட்டார். தான் கட்டிய மாளிகையிலேயே நிர்வாகியாக வேலை பார்த்தார். ஆனால் அங்கே வருகிறவர்களை வரவேற்பதில் அவர் குறை வைக்கவில்லை.

1944 முதல் 1946 வரை மூன்று ஆண்டுகள் ஆஸ்கார் விழா அங்கேதான் நடந்தது. 1946-ம் ஆண்டு கிரவுமனும் தன் தடத்தைப் பதித்தார். படம் காட்டும் தொழிலின் தரத்தை உயர்த்தியதற்காக 1949-ம் ஆண்டு அவருக்கு சிறப்பு ஆஸ்கார் விருது கொடுத்தார்கள். அடுத்த ஆண்டே, 1950 மார்ச் 5-ந் தேதி, 70-வது வயதில் காலமானார்.

பெயர் போனாலும்...

1973-ம் ஆண்டு தியேட்டர் கைமாறியபோது கிரவுமன் பெயரையே எடுத்துவிட்டார்கள். 2001-ம் ஆண்டு மறுபடி வைத்தார்கள். 2013-ம் ஆண்டு டி.வி. தயாரிக்கும் டி.சி.எல். என்ற சீனக் கம்பெனி பணம் கொடுத்துத் தன் பெயரை வைத்துக்கொண்டது. அதே ஆண்டு உள்ளே ராட்சத ஐமாக்ஸ் திரையும் வந்தது. 2023-ம் ஆண்டு ஜனவரியில் நம் நாட்டு ஆர்.ஆர்.ஆர். படம் அந்தத் திரையில் ஓடியபோது, அமெரிக்க ரசிகர்கள் எழுந்து ஆட்டம் போட்டார்கள். எஜிப்சியன் தியேட்டரும் பழுது பார்க்கப்பட்டு அதே ஆண்டு நவம்பரில் மீண்டும் திறக்கப்பட்டது.

போர்டில் பெயர் மாறினாலும், ஊர் ஜனங்கள் வாயில் அது கிரவுமன் தியேட்டர்தான்.

உள்ளே போய்ச் சுற்றிப் பார்க்கத்தான் கட்டணம். வாசல் முற்றம் இன்றும் இலவசம். வேஷம் போட்டுக்கொண்டு ஸ்பைடர்மேன், சூப்பர்மேன் என்று நிற்கிறவர்களோடு போட்டோ எடுத்தால் மட்டும் அவர்களுக்குக் காசு கொடுக்க வேண்டும்!

பூகம்பத்தில் எல்லாம் இழந்தவர்களுக்குத் துணிக்கூடாரத்தில் பெஞ்சு போட்டுக் கொடுத்தவர் கிரவுமன். டிக்கெட் வாங்க முடியாதவனும் மர்லின் மன்றோவின் உள்ளங்கையில் கை வைத்துவிட்டுப் போகலாம் என்று வாசலைத் திறந்து வைத்தவரும் அவரே. மாளிகை கைமாறிவிட்டது. அந்த வாசல் மட்டும் இன்னும் வந்தவர்கள் எல்லோருக்கும் சொந்தம்.