காதுக்குள் ஓடும் நாடா

ஆரணித் தறிச் சத்தம் பழகிய காதுக்கே ஜிமி ஹென்ட்ரிக்ஸின் சைக்கடெலிக் ராக் தலைசுற்ற வைக்கும், பாஸ். 1942-ல் சியாட்டிலில் பிறந்தார். இடது கைக்காரர், வலது கை கிதாரைத் திருப்பிப் பிடித்து வாசித்தார். கொஞ்ச காலம் பாராசூட் படையில் இருந்தார். ஆம்ப்ளிஃபயர் ஒலி கிதாருக்கே திரும்பி வந்து ஊளையிடுமே, ஃபீட்பேக், நாமன்னா உடனே வால்யூமைக் குறைப்போம். அவர் அதையே இசையாக்கினார். 1968-ல் வந்த 'எலக்ட்ரிக் லேடிலேண்ட்' ஆல்பத்தில், தறியில் நாடா ஓடுவதுபோல ஒலி இந்தக் காதுக்கும் அந்தக் காதுக்கும் ஓடும். சத்தம் தாங்காதவங்க ஹெட்போன் வேண்டாம். ஸ்பீக்கரில் குறைச்சு வச்சுக் கேளுங்க, இரண்டு பக்க ஒலியும் கலந்துடும். 1969 வுட்ஸ்டாக்கில் அமெரிக்க தேசிய கீதம் வாசித்தார். நடுவே கிதாரிலிருந்து குண்டு விழுந்தது. அப்போது வியட்நாமில் நிஜ குண்டுகள். மறு வருஷம் செப்டம்பர் 18-ல் லண்டனில் இறந்தார், 27 வயதில்.