இரண்டு முறை தோற்ற விஞ்ஞானி – எல்லாப்பிரகத சுப்பாராவ்

நாம் சாப்பிடும் சோறு எப்படி சக்தியாக மாறுகிறது? சர்க்கரை வியாதிக்காரர் வயிறாரச் சாப்பிட்டும் ஏன் சோர்ந்து போகிறார்? இக்கேள்விகளின் விடைக்கு அஸ்திவாரம் போட்டவர்களில் ஒருவர் நம் சென்னையில் படித்தவர்.

1895 ஜனவரி 12-ல் அன்றைய சென்னை மாகாணத்துப் பீமவரத்தில் பிறந்தார் சுப்பாராவ். மெட்ரிகுலேஷனில் இரண்டு தடவை ஃபெயில்! மூன்றாம் தடவை சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துத்தான் பாஸ் செய்தார். பிறகு சென்னை மருத்துவக் கல்லூரி.

காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதர் உடுத்தினார். அறுவை சிகிச்சை வகுப்புக்கும் கதர் அங்கியோடு போனதில் வெள்ளைக்காரப் பேராசிரியருக்குக் கோபம். முழு பட்டம் போச்சு. அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கிடைத்தது. துணியால் வாழும் நம்ம ஊர்க்காரர்கள், ஒரு துணிக்காக அவர் கொடுத்த விலையை யோசிக்க வேண்டும்.

ஸ்ப்ரூ என்ற குடல் நோய் அவர் சகோதரரைப் பலி வாங்கியது. அந்த நோய்க்கு மருந்து காணும் வைராக்கியத்தோடு அமெரிக்காவின் ஹார்வர்டுக்குப் போனார். பகலில் படிப்பு, இரவில் ஆஸ்பத்திரியில் எடுபிடி வேலை.

1925-ல் ஃபிஸ்க் என்பவரோடு சேர்ந்து ரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸை அளக்கும் முறையை வெளியிட்டார். ரசாயனம் சேர்த்தால் நீல நிறம் வரும். நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு பாஸ்பரஸ். சாயப்பட்டறை லேபில் ஷேடு பார்க்கிற நமக்கு இது சுலபமா புரியும்!

அதை வைத்துத் தசையை ஆராய்ந்தபோது 1927-ல் பாஸ்போகிரியாட்டினும், 1929-ல் ஏ.டி.பி.யும் அகப்பட்டன. அதே 1929-ல் ஜெர்மனியில் லோமானும் ஏ.டி.பி.யைத் தனியாகக் கண்டார். நம் செல்களில் செலவாகும் நாணயம் இந்த ஏ.டி.பி.தான். குளுக்கோஸ் இன்சுலின் உதவியோடு தசைக்குள் போய், அங்கே எரிந்து வரும் சக்தி ஏ.டி.பி.யாகச் சேர்கிறது. இன்சுலின் சரியாக வேலை செய்யாவிட்டால் சர்க்கரை ரத்தத்திலேயே தேங்கும். பணம் பேங்கில் இருந்தும் கைக்கு வராத கதை!

இத்தனை செய்தும் ஹார்வர்டில் நிரந்தரப் பதவி தரவில்லை. 1940-ல் லெடர்லி மருந்துக் கம்பெனிக்குப் போனார். அங்கே அவரது குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. சகோதரரைக் கொன்ற ஸ்ப்ரூவுக்கு அது மருந்தானது! யானைக்கால் நோய்க்கான மாத்திரையும், குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு முதலில் பலன் தந்த மருந்தும் அந்தக் குழுவிலிருந்தே வந்தன.

1948 ஆகஸ்டில், 53 வயதில் மறைந்தார். நோபல் பரிசு இல்லை. தாய்நாட்டுக்குத் திரும்பவும் இல்லை. 1995-ல் இந்திய அரசு அவர் நினைவாகத் தபால் தலை வெளியிட்டது.

அரியர் இருக்கிறதே என்று கலங்கும் நண்பனே! மார்க் ஷீட் உன் முடிவல்ல. மூன்றாம் தடவையும் எழுதப் போனாரே, அந்தத் துணிச்சல்தான் சுப்பாராவ்.