திக்கிய நாவுடன் ஓர் உத்தியோகம்

நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பு வந்ததும் வீட்டில் மகிழ்ச்சி உண்டாகும். பிள்ளை திக்கிப் பேசுபவனாயின் கலக்கமும் கூடவே வரும். தன் பெயரையாவது அங்கு தடங்கலின்றிச் சொல்வானோ என்று தாய் ஏங்குவாள். அத்தகைய வீட்டார் ஆங்கில எழுத்தாளர் சாள்ஸ் லாமின் வாழ்க்கையை அறிவது நன்று.

1775ஆம் ஆண்டு இலண்டனில் பிறந்தவர் அவர். தந்தை ஒரு வழக்கறிஞரிடம் ஊழியம் பார்த்த எளியவர். கிறைஸ்ட்ஸ் ஹொஸ்பிற்றல் என்னும் தருமப் பள்ளியில் ஏழாண்டுகள் பயின்ற சாள்ஸ் இலத்தீனில் கெட்டிக்காரர். ஆனால் அப்பள்ளியின் மேல்வகுப்பினர் பல்கலைக்கழகம் சென்று அங்கிலிக்கன் சபையின் குருமாராக வேண்டியவர்கள். பிரசங்கமேடை ஏறவேண்டியவனுக்கு நா திக்கலாமா? அவருக்கு அவ்வகுப்பில் இடமில்லாமற் போயிற்று. உடன்பயின்ற கோல்றிட்ஜ் கேம்பிரிட்ஜ் சென்றார். சாள்ஸின் படிப்போ 1789இல், 14 வயதில், முடிந்தது.

1792இல் கிழக்கிந்தியக் கம்பனியில் இலிகிதரானார். (நமது கரையோரங்களை 1796இல் ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றிய அதே கம்பனிதான்.) அந்நாளில் அங்கு உத்தியோகம் பெறப் பெரியவர் ஒருவரின் சிபாரிசும் பிணைநிற்போரின் கையெழுத்தும் வேண்டும். சிபாரிசை நாம் மெச்சவில்லை. ஆயினும் பேச்சுச் சாதுரியத்தை மட்டும் பார்த்துப் பத்து நிமிடத்தில் ஆளை அளப்பது அதைவிட நீதியானதோ? கம்பனிக்கு வேண்டியிருந்தது தேயிலை, அவுரி, துணிமணிகளின் கணக்கைப் பிழையற எழுதும் கை. அது அவரிடம் இருந்தது.

1796இல் சித்தம் கலங்கிய சகோதரி மேரி, பெற்ற தாயையே குத்திக் கொன்றாள். அவளை ஆயுள் முழுவதும் பைத்தியசாலையில் விடாமல், தம் பொறுப்பில் ஏற்று இறுதிவரை பராமரித்தார். அதற்குக் கைகொடுத்தது அந்தச் சம்பளமே. ஷேக்ஸ்பியர் கதைகளை இருவரும் சேர்ந்து எழுதி 1807இல் வெளியிட்டனர்.

திக்கல் அவரை விட்டு நீங்கவேயில்லை. நா கட்டுண்டவர்கள் மதுவில் துணைதேடிக் கெடுவதைப் பற்றி எழுதியவர் அவர். தாமும் அதற்கு விலக்கானவரல்லர். ஆனால் அவர் திக்கித் திக்கிச் சொன்ன பகிடிகள் இலக்கிய வட்டத்தில் பேர்பெற்றவை.

33 ஆண்டுகளின் பின், 1825 மார்ச் மாதத்தில், 450 பவுண் ஓய்வூதியம் கிடைத்தது. அதில் சகோதரியின் பிற்காலத்துக்கென 9 பவுண் கழிக்கப்பட்டது. அந்நாளைச் சிறிது கற்பனை கலந்து அவரே கட்டுரையாக்கினார். வேலை போயிற்றென்று நடுங்கியபடி முதலாளிமார் முன் நிற்கிறார். அவர்களோ அவர் சேவையைப் புகழ்ந்து ஓய்வூதியத்தை அறிவிக்கிறார்கள். என்ன மறுமொழி சொன்னாரென்று அவருக்கே நினைவில்லை. தடுமாறி ஒரு வணக்கம் செலுத்திவிட்டு வீடு திரும்பினார்.