எல்லை தாண்டி வந்த சிறுவனும் லூயி பாஸ்டரும்

உங்கள் வீட்டுப் பால் பாக்கெட்டை எடுத்துப் பாருங்கள். ‘பாஸ்டுரைஸ்டு’ என்ற சொல் அதில் இருக்கும். சூடாக்கிக் கிருமிகளைக் கொல்லும் முறையைக் கண்டுபிடித்த பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி லூயி பாஸ்டரின் பெயரிலிருந்து வந்த சொல் அது. ஆனால் அவரைத் தேடி நோயாளிகள் கடல் கடந்தும் வந்தார்களே, அது பாலுக்காக அல்ல. அந்தக் கதையைக் கேளுங்கள்.

பாஸ்டர் 1822ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் தேதி, தோல் பதனிடும் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தார். அவருக்கு எட்டு வயதானபோது வெறிபிடித்த ஓநாய் ஒன்று அவரது ஊரில் பலரைக் கடித்துவிட்டது. அந்நாளில் இதற்கு மருந்தே கிடையாது. கொல்லன் பட்டறையில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் காயத்தைச் சுடுவார்கள். அந்தக் காட்சியைச் சிறுவன் பாஸ்டர் பார்த்தான். பிறகும் பலர் இறந்துபோனார்கள்.

வளர்ந்து பேராசிரியரான பாஸ்டரின் வாழ்வில் துயரம் அதிகம். அவருடைய மூன்று பெண் குழந்தைகள் அடுத்தடுத்து நோயால் இறந்தார்கள். மூத்த மகள் ஜீனுக்கு அப்போது வயது ஒன்பதுதான். 1868இல் பக்கவாதம் வந்து அவருடைய இடது கையும் காலும் பாதிக்கப்பட்டன. அப்படியும் அவர் ஆய்வுக்கூடத்தை விடவில்லை. வெறிநாய்க்கடி நோய்க்கு மருந்து தேடினார். நோய் கண்ட முயலின் தண்டுவடத்தை உலர்த்தி, அதன் வீரியத்தைக் குறைத்துத் தடுப்பு மருந்து தயாரித்தார். நாய்களிடம் அது பலன் தந்தது. மனிதர்களைக் காப்பாற்றுமா? அதுதான் யாருக்கும் தெரியவில்லை.

1885ஆம் ஆண்டு ஜூலை 4. அல்சாஸ் என்ற பகுதியில் ஜோசப் மைஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனை வெறிநாய் கடித்துக் குதறியது. உடம்பில் 14 இடங்களில் காயம்! அல்சாஸ் முன்பு பிரான்சோடு இருந்த பகுதி. போருக்குப் பின் 1871இல் ஜெர்மனியோடு சேர்ந்துவிட்டது. ஆகவே பாரிசுக்குப் போவதென்றால் எல்லை தாண்டி வேறு நாட்டுக்குப் போவதுதான். ஆனாலும் ஜோசப்பின் தாய் தயங்கவில்லை. மகனை அழைத்துக்கொண்டு ஜூலை 6ஆம் தேதி பாஸ்டரின் வாசலில் வந்து நின்றார்.

பாஸ்டர் மருத்துவப் பட்டம் பெற்றவர் அல்லர். மருந்து தவறினால் பழி அவர்மேல் விழும். போடாவிட்டாலோ பையன் பிழைப்பது அரிது. இரண்டு மருத்துவர்களிடம் யோசனை கேட்டார். அவர்கள் சம்மதித்தார்கள். கிரான்சே என்ற மருத்துவர் ஊசி போட்டார். பத்து நாட்களில் மொத்தம் 13 ஊசிகள். நாளுக்கு நாள் மருந்தின் வீரியம் கூடியது. பாஸ்டருக்கு இரவெல்லாம் தூக்கமே இல்லை. ஜோசப் பிழைத்துக்கொண்டான்!

செய்தி உலகெங்கும் பரவியது. அந்த டிசம்பரில் அமெரிக்காவின் நியூவார்க் நகரில் நான்கு சிறுவர்களை நாய் கடித்தது. ஏழை வீட்டுப் பிள்ளைகள் அவர்கள். செலவுக்குப் பொதுமக்கள் பணம் கொடுத்தார்கள். அட்லாண்டிக் கடலைக் கப்பலில் கடந்து பாரிஸ் சென்று, நால்வரும் நலமாகத் திரும்பினார்கள். 1886இல் ரஷ்யாவிலிருந்து ஓநாய் கடித்த 19 பேர் வந்தார்கள். அவர்களில் 16 பேர் பிழைத்தார்கள்.

ஆனால் லூயிஸ் பெலெத்தியே என்ற பத்து வயதுச் சிறுமியைக் காப்பாற்ற முடியவில்லை. காரணம் என்ன தெரியுமா? நாய் கடித்து 37 நாட்கள் கழித்துத்தான் அவளைக் கொண்டுவந்தார்கள். தூரத்திலிருந்து விரைந்து வந்தவர்கள் பிழைத்தார்கள். தாமதமாக வந்தவள் பிழைக்கவில்லை.

எல்லோரும் பாரிசுக்கே ஓடிவர முடியுமா? பல நாட்டு மக்கள் கொடுத்த நன்கொடையில் 1888இல் பாஸ்டர் நிறுவனம் திறக்கப்பட்டது. அதே போன்ற நிலையங்கள் மற்ற நாடுகளிலும் தோன்றின. நம் நாட்டில் 1900இல் இமயமலைப் பக்கம் கசௌலியில் ஒன்று தொடங்கியது. 1907இல் நம் நீலகிரியிலேயே, குன்னூரில் ஒன்று வந்தது. குன்னூருக்குச் சுற்றுலா போனால் சிம்ஸ் பூங்கா அருகில் அதைப் பார்க்கலாம். சிறுவன் ஜோசப் பெரியவனானதும் பாரிசில் உள்ள நிறுவனத்திலேயே காவலராக வேலை பார்த்தார். பாஸ்டர் 1895 செப்டம்பர் 28இல் மறைந்தார். அந்த நாளைத்தான் இப்போது உலக வெறிநாய்க்கடி நோய் தினமாகக் கடைப்பிடிக்கிறோம்.

அன்று ஜோசப்பின் தாய் நாடு விட்டு நாடு தேடிப்போன மருந்து, இன்று நம் சங்கரன்கோவில் அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கிடைக்கிறது. தாத்தா பாட்டி சொல்லிப் பயமுறுத்தும் ‘தொப்புளைச் சுற்றி 14 ஊசி’ இப்போது கிடையாது. கையில் சில தடவை போட்டுக்கொண்டால் போதும்.

விஷக்கடிக்குப் பயந்து நம் ஊர்க் கோயில் புற்றுமண்ணை நெற்றியில் இட்டுக்கொள்வது நமது நம்பிக்கை. இருக்கட்டும். ஆனால் நாயோ பூனையோ கடித்தால், பிறாண்டினாலும்கூட, உடனே குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வைக்கக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். நோய் வெளிப்பட்டுவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம்.

முக்கியமாக, திட்டுவார்களே என்று பயந்து மறைக்காதீர்கள். அம்மாவிடமோ ஆசிரியரிடமோ உடனே சொல்லுங்கள். சொல்வீர்கள்தானே?