எரிசாராயத்தில் வண்டி ஓட்ட நினைத்த மளிகை வியாபாரி
என்ஜின் மேதை ஓட்டோவின் கதை

கார் என்றதும் நமக்குப் பெட்ரோல் நினைவுக்கு வரும். ஆனால் கார் என்ற ஒன்று பிறப்பதற்கு 25 ஆண்டுகளுக்கு முன்பே, எரிசாராயத்தால் வண்டியை ஓட்டலாம் என்று ஒருவர் நினைத்தார். அவர் என்ஜினீயர் அல்ல. தேயிலையும் சர்க்கரையும் விற்று வந்த ஊர்சுற்றி வியாபாரி!

அவர் பெயர் நிக்கோலஸ் ஓட்டோ.

ஜெர்மனியில் ஹோல்ஸ்ஹவுசன் என்ற சிற்றூரில் 1832-ம் ஆண்டு ஜூன் 10-ந் தேதி பிறந்தார். கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தை இறந்து போனார். தாயார்தான் வளர்த்தார். பையன் தொழில்நுட்பம் படிக்க வேண்டும் என்பது தாயின் ஆசை. காலம் ஒத்துவரவில்லை. ஓட்டோ கடை வேலைக்குப் போனார். பிறகு கொலோன் நகரைச் சுற்றிலும் மளிகைச் சாமான்களுக்கு ஆர்டர் பிடிக்கும் வேலை கிடைத்தது. ஊர் ஊராக அலைந்தார். குதிரை வண்டியின் குலுக்கலை அவரைவிட நன்றாக அறிந்தவர்கள் குறைவு.

1860-ல் பாரிஸ் நகரில் லெனுவார் என்பவர் ஒரு என்ஜின் செய்தார். நீராவி வேண்டாம், நிலக்கரி வாயு போதும். செய்தி ஓட்டோவின் காதுக்கு எட்டியது. அன்று முதல் அவருக்கு வியாபாரத்தில் மனம் செல்லவில்லை.

அந்த என்ஜினில் ஒரு குறை இருந்தது. வாயு குழாயில் வர வேண்டும். குழாய் உள்ள இடத்தில்தான் என்ஜின் நிற்கும். அப்படியானால் வண்டியில் எப்படி வைப்பது? ஓட்டோ யோசித்தார். எரிபொருள் திரவமாக இருந்தால் கூடவே எடுத்துச் செல்லலாமே! எரிசாராயத்தை ஆவியாக்கி, காற்றோடு கலந்து, என்ஜினுக்குள் எரிக்க அவர் ஒரு கருவியை அமைத்தார்.

1861-ல் அண்ணன் வில்ஹெல்முடன் சேர்ந்து பிரஷ்ய அரசுக்கு மனுப் போட்டார். கிராமச் சாலைகளில் வண்டி ஓட்ட இது உதவும் என்று மனுவில் எழுதினார்.

மனு தள்ளுபடி ஆயிற்று!

வேறொருவராக இருந்தால் சர்க்கரை விற்கத் திரும்பிப் போயிருப்பார். ஓட்டோ போகவில்லை. 1862-ல் நான்கு கட்டமாக ஓடும் என்ஜின் ஒன்றைச் செய்து பார்த்தார். அது சில நிமிடங்கள் ஓடி உடைந்தது. கையில் இருந்த பணமும் கரைந்தது. அன்னா என்ற பெண்ணை மணக்க நிச்சயித்திருந்தார். வருமானம் நிலைக்காததால் கல்யாணம் தள்ளிக்கொண்டே போயிற்று. 1868-ல்தான் நடந்தது. அந்தப் பெண்ணின் பொறுமையைத்தான் மெச்ச வேண்டும்.

1864-ல் ஒரு நல்ல காலம் பிறந்தது. சர்க்கரை ஆலைக் குடும்பத்தைச் சேர்ந்த ஆய்கன் லாங்கன் என்ற செல்வர் கூட்டாளியாக வந்தார். இருவரும் தொழிற்சாலை தொடங்கினர். 1867-ல் பாரிஸ் பொருட்காட்சிக்குத் தங்கள் என்ஜினைக் கொண்டு போனார்கள். அது தடதடவென்று காதைத் துளைத்தது. ஆனால் அளந்து பார்த்தபோது, லெனுவார் என்ஜின் குடித்த வாயுவில் பாதிகூட அதற்குத் தேவைப்படவில்லை. தங்கப் பதக்கம் கிடைத்தது!

1876-ல் பெரிய வெற்றி வந்தது. 14 ஆண்டுகளுக்கு முன் உடைந்து போன அதே யோசனை இப்போது பலித்தது. என்ஜினின் உருளைக்குள் ஒரு தண்டு மேலும் கீழும் போய் வரும். முதல் கட்டத்தில் காற்றையும் எரிபொருளையும் உறிஞ்சும். இரண்டாவதில் அதை நெருக்கும். மூன்றாவதில் கலவை தீப்பற்றி வெடித்துத் தண்டைத் தள்ளும். நான்காவதில் புகை வெளியேறும். நம் தெருவில் ஓடும் ஆட்டோவின் பெயருக்கும் ஓட்டோவுக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் அதன் பெட்ரோல் என்ஜின் செய்வது இந்த நான்கு வேலைகளைத்தான்.

புகழ் வந்தது, வழக்கும் வந்தது. பிரான்சு நாட்டில் போ த ரோஷா என்பவர் 1862-லேயே இந்த நான்கு கட்டங்களைக் காகிதத்தில் எழுதி வைத்திருந்தார். அவர் என்ஜின் எதுவும் செய்யவில்லை. எழுதியதோடு சரி. ஆயினும் அதைக் காட்டிப் போட்டியாளர்கள் வழக்காடினார்கள். 1886-ல் ஜெர்மனியில் ஓட்டோவின் உரிமை ரத்தாயிற்று. அதே ஆண்டில்தான் கார்ல் பென்ஸ் தம் மோட்டார் வண்டிக்கு உரிமை வாங்கினார். அந்த வண்டியில் இருந்ததும் நான்கு கட்ட என்ஜினே!

ஓட்டோவின் மனம் உடைந்தது. 1891-ம் ஆண்டு ஜனவரி 26-ந் தேதி கொலோன் நகரில் காலமானார். அப்போது வயது 58.

ஆனால் அதற்கு முன்பே, 1884-ல், அவர் இன்னொரு காரியம் முடித்திருந்தார். என்ஜினுக்குள் மின்பொறியால் தீ மூட்டும் கருவியைச் செய்திருந்தார். அதனால் திரவ எரிபொருளுக்கு வழி திறந்தது. குழாயை விட்டு என்ஜின் விலகி நிற்க முடிந்தது.

எரிசாராயம் என்ன ஆயிற்று? பெட்ரோல் மலிவாகக் கிடைத்ததால் அது பின்னுக்குப் போனது. 1973-ல் எண்ணெய் விலை எகிறியதும் பிரேசில் நாடு கரும்பை நாடியது. கரும்பிலிருந்து வடித்த எரிசாராயத்தில் ஓடும் கார்கள் 1979-ல் அங்கே விற்பனைக்கு வந்தன. பெட்ரோல் காரை அப்படி மாற்றுவது மந்திரம் அல்ல. எரிசாராயத்துக்குச் சூடு குறைவு. ஒரு லிட்டர் பெட்ரோல் தரும் சக்தியில் சுமார் மூன்றில் இரண்டு பங்கே தரும். ஆகவே எரிபொருள் பாயும் துவாரத்தைப் பெரிதாக்க வேண்டும். கெட்டுப் போகும் ரப்பர் குழாய்களை மாற்ற வேண்டும். குளிர்ந்த காலையில் என்ஜின் கிளம்ப அடம் பிடிக்கும். அதற்கென்று பிரேசில் கார்களில் சிறிய பெட்ரோல் தொட்டி தனியாக வைத்தார்கள். ஒரு லாபமும் உண்டு. கலவையை இன்னும் அதிகமாக நெருக்கலாம். எரிசாராயம் அதைத் தாங்கும்.

நம் நாட்டிலும் 2025-ல் 100-க்கு 20 பங்கு எரிசாராயம் கலந்த பெட்ரோல் பரவலாக விற்கப்பட்டது.

கொலோனில் டாய்ட்ஸ் ரயில் நிலையத்துக்கு முன்னால் உள்ள சதுக்கத்துக்கு ஓட்டோவின் பெயர் வைத்திருக்கிறார்கள். அங்கே நினைவுச் சின்னமாக நிற்பது, பாரிஸில் பதக்கம் வாங்கிக் கொடுத்த அந்தத் தடதட என்ஜின் வகைதான்.