பாதியில் நிறுத்தின சாட்சி



வாலிபர் கூட்டங்களில் நான் பலமுறை ஜான் நியூட்டனைப் பற்றிப் பேசியிருக்கிறேன். அடிமை வியாபாரி, நடுக்கடலில் புயல், முழங்கால் போட்டார், அன்றைக்கே அந்தத் தொழிலுக்கு முழுக்குப் போட்டார், அமேசிங் கிரேஸ் பாட்டை எழுதினார். இவ்வளவுதான் என் பிரசங்கம். கேட்டவர்களும் அல்லேலூயா சொன்னார்கள்.

பிற்பாடு அஞ்சல் வழியில் எம்.ஏ. வரலாறு படித்தேன். அடிமை வியாபாரத்தைப் பற்றி யார் யார், எந்தக் காலத்தில், என்ன நோக்கத்தோடு எழுதினார்கள் என்று ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதணும். நமக்குத் தெரிந்த ஆள்தானே என்று நியூட்டனையே எடுத்தேன். வருஷங்களை வரிசையாக எழுதிப் பார்த்தபோது என் பிரசங்கம் அப்படியே சரிஞ்சு போச்சு.

அவர் 1725-ல் லண்டனில் பிறந்தார். பக்தியுள்ள தாயார் வேதம் சொல்லிக்கொடுத்து வளர்த்தார்கள். ஏழு வயது நிறையுமுன்னே அந்தத் தாயாரை இழந்தார். தகப்பன் கப்பல் கேப்டன். மகனும் சிறுவயதிலேயே கடலுக்குப் போனார். 1744-ல் கடற்படைக்காரர்கள் பலவந்தமாய்ப் பிடித்துப்போனார்கள். ஓடிப்போகப் பார்த்து, பிடிபட்டு, சவுக்கடி வாங்கினார். பிறகு மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் ஓர் அடிமை வியாபாரியிடம் வேலைக்குச் சேர்ந்து, காய்ச்சலும் பட்டினியுமாய்க் கிடந்தார். அங்கிருந்து ஊர் திரும்பும் வழியில், 1748 மார்ச்சில், கிரேஹவுண்ட் என்ற அந்தக் கப்பலைப் புயல் அடித்து நொறுக்கியது. அங்கேதான் தேவனை நோக்கிக் கூப்பிட்டார். இதுவரைக்கும் நான் சொன்னது சரி.

ஆனால் அதே 1748-ல் அவர் மறுபடியும் ஓர் அடிமைக் கப்பலில், கேப்டனுக்கு அடுத்த அதிகாரியாக ஏறினார்! 1750 முதல் 1754 வரை மூன்று பயணங்களில் அவரே கேப்டன். மனந்திரும்பிய பிறகு நடந்தது இது.

இந்தத் தொழிலைப் பற்றி ஒரே மனுஷன் வெவ்வேறு காலத்தில் எழுதிய மூன்று எழுத்துகள் இருக்கின்றன. என் கட்டுரையே அவைகளை ஒப்பிட்டுப் பார்த்ததுதான்.

முதலாவது, கப்பலில் அன்றாடம் எழுதிய குறிப்பேடு. 1962-ல்தான் அது புத்தகமாக அச்சில் வந்தது. வாங்கப்பட்ட மனுஷருக்கு அதில் பெயர் கிடையாது, நம்பர்தான். செத்தவரைக் கடலில் போட்டாலும் நம்பரை எழுதிக் கணக்கை முடித்திருக்கிறார். கலகம் செய்யத் திட்டமா என்று சந்தேகம் வந்தபோது, சின்னப் பையன்களின் கட்டைவிரலை இரும்புத் திருகில் வைத்து நெருக்கி விசாரித்ததையும் எழுதியிருக்கிறார். அதே மனுஷன் ஞாயிற்றுக்கிழமைகளில் மாலுமிகளுக்கு ஆராதனையும் நடத்தினார். மேல்தளத்தில் ஜெபம், கீழ்த்தளத்தில் சங்கிலி. இதை வாசித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

இரண்டாவது, 1764-ல் வெளியான அவருடைய ஜீவசரித்திரம். ஆல்னி என்ற ஊரில் ஊழியத்துக்கு வந்த வருஷம் அது. புயலை விரிவாகச் சொல்கிறார். அடிமைத் தொழிலைப் பற்றியோ, அந்தக் காலத்தில் மனசாட்சி குத்தவில்லை, தேவன் நியமித்த பிழைப்பு என்றே எண்ணினேன் என்கிறார். சிறைக்காவலன் வேலைபோல இருக்கிறதே, வேறு வேலை கொடும் என்று மட்டும் ஜெபித்தாராம். கடைசியில் அவர் கடலை விட்டது 1754-ல் வந்த திடீர் வலிப்பினால்தான். மனசாட்சியினால் அல்ல!

மூன்றாவது 1788-ல் வந்தது. அப்போது வயது 62, லண்டனில் போதகர். பாராளுமன்றத்தில் வில்பர்போர்ஸ் அடிமை வியாபாரத்துக்கு விரோதமாய்ப் போராட ஆயத்தமாகிக் கொண்டிருந்தார். 1785-ல் ஆலோசனை கேட்டு வந்த அவரை, அரசியலிலேயே நில் என்று தைரியப்படுத்தினவர் இந்த நியூட்டன்தான். இப்போது தானும் வாய் திறந்தார். இரண்டிரண்டு பேராய்ச் சங்கிலியிட்டுப் புரளக்கூட இடமில்லாமல் அடைத்ததை, பெண்களை மாலுமிகள் சீரழித்ததை எல்லாம் சிறு நூலாக எழுதி, இதில் நானும் பங்காளி, என் அறிக்கை ரொம்பத் தாமதம் என்று வெட்கத்தோடே ஒப்புக்கொண்டார். அரசாங்க விசாரணையிலும் சாட்சி சொன்னார். மற்றவர்கள் சொன்னால் கேள்விப்பட்ட பேச்சு என்று வியாபாரிகள் தள்ளிவிடலாம். கேப்டனாய் இருந்தவர் சொன்னால்?

புயலுக்கும் இந்த அறிக்கைக்கும் நடுவே 40 வருஷம். அட்லாண்டிக் அடிமை வியாபாரம் நடந்த காலம் முழுவதிலும் கப்பலேற்றப்பட்டவர்கள் ஏறக்குறைய 1.25 கோடி பேர் என்று பயணக் கணக்குகளைச் சேர்த்துப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். உயிரோடே கரை சேர்ந்தவர்கள் சுமார் 1.07 கோடிதான். 1789-ல், அடிமையாயிருந்து விடுதலையான ஒலாடா எக்வியானோ தன் சரித்திரத்தைத் தானே எழுதினார். நம்பராய் இருந்தவர்கள் பேசத் தொடங்கினார்கள். நான் என் பிரசங்கத்தில் ஒருநாளும் அவர் பெயரைச் சொன்னதில்லை. டிரினிடாட் நாட்டு எரிக் வில்லியம்ஸ் 1944-ல் எழுதிய நூலில், இந்த வியாபாரம் ஒழிந்ததற்குப் பக்தியைவிடப் பணக்கணக்கே பெரிய காரணம் என்று வாதாடினார். பலர் அதை மறுத்தார்கள். அவர் சொன்னது முழுவதும் சரியோ இல்லையோ, நம்மவர்களை மட்டும் வீரராக்கிக் கதை சொல்லக்கூடாது என்று எனக்கு உறைத்தது.

1807 மார்ச்சில் பிரிட்டன் அடிமை வியாபாரத்தைத் தடைசெய்தது. அந்த வருஷம் டிசம்பரில், 82-ம் வயதில் நியூட்டன் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். ஏற்கெனவே அடிமைப்பட்டவர்களின் விடுதலைச் சட்டத்துக்கோ 1833 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதே வாலிபர் கூட்டத்துக்குத் திரும்பப் போய், தம்பிமார்களே, உங்களிடம் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று முழுக் கதையையும் சொன்னேன். அல்லேலூயா சத்தம் கேட்கவில்லை. ரொம்ப நேரம் யாரும் பேசல. கடைசியில் ஒரு தம்பி எழுந்து, அப்போ ஜெபிக்கிறவன்கூட இப்படிக் குருடனா இருக்க முடியுமாண்ணே என்று கேட்டான். முடியும் தம்பி, அதுக்குத்தான் இந்தச் சரித்திரம் என்றேன்.

பிரியமானவர்களே, இரட்சிக்கப்படுமுன் செய்த பாவத்தைச் சாட்சியாகச் சொல்வது நமக்கு லேசு. இரட்சிக்கப்பட்ட பிறகு செய்ததைச் சொல்லத்தான் நாக்கு எழும்பாது. சகேயு அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாய்த் திருப்பித் தர எழுந்து நின்றான். நாம் ஜெபித்துக்கொண்டே யாரை நம்பராக நடத்திக்கொண்டிருக்கிறோம்? வீட்டு வேலைக்கு வருகிறவரையா, கடனில் சிக்கினவரையா? 40 வருஷம் காத்திராமல், இன்றைக்கே நம் கண்கள் திறக்க ஜெபிப்போம். ஆமென்.