பாட்டு தெரியும், பெயர் தெரியாது!
மதுரகவி பாஸ்கரதாஸின் கதை

அரங்கநாதர் சயனித்திருப்பதால் பெயர் பெற்ற ஊர் பள்ளிகொண்டா. அங்கே நமக்குத் தெரிந்த தோல் மண்டிக்காரர் ஒருவர் வீட்டுப் பரணில், அவருடைய தகப்பனார் காலத்துக் கிராமபோன் தட்டுகள் சில கிடந்தன. தூசி தட்டிப் பார்த்தோம். கே. பி. சுந்தராம்பாள் என்ற பெயர் பளிச்சென்று தெரிந்தது. காந்தியடிகளை ஏழைச் சந்நியாசியாகப் போற்றும் பாட்டு அது. வீட்டுப் பெரியவருக்கு மனப்பாடம்! ஆனால் எழுதியவர் யாரென்று கேட்டால் உதட்டைப் பிதுக்கினார்.

எழுதியவர் மதுரகவி பாஸ்கரதாஸ். 1892-ல் பிறந்த அவருக்கு இயற்பெயர் வெள்ளைச்சாமி. பெயர்தான் வெள்ளை; பாட்டெல்லாம் வெள்ளையருக்கு விரோதம்!

மதுரை அக்காலத்தில் நாடகக்காரர்களின் தலைநகரம். விடிய விடிய வள்ளி திருமணம் நடக்கும். முருகன் வேஷத்தில் வரும் விசுவநாததாஸ், கதைக்கு நடுவே தேசீயப் பாட்டை எடுத்து விடுவார். கொட்டகை அதிரும், போலீஸார் மேடையேறுவார்கள். கைதும் சிறையும் அவருக்குப் பழகிப்போன சங்கதிகள். 1940 டிசம்பர் 31-ல் மேடையில், மயில்மேல் அமர்ந்தபடியே அவர் உயிர் பிரிந்தது. அவர் பாடியவற்றிலும், கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் பாடியவற்றிலும் பாஸ்கரதாஸின் பாட்டுகள் உண்டு. பஞ்சாப் படுகொலை, கதர், ராட்டை எல்லாம் அவர் கையில் பாட்டாயின.

மேடையில் ஒரு பாட்டை அரை மணி நேரம்கூட இழுக்கலாம். ரசிகர்கள் 'ஒன்ஸ்மோர்' கேட்டால் மறுபடியும் பாடலாம். தட்டிலே அது நடக்காது. நிமிஷத்துக்கு 78 சுற்று. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவே. அதற்குள் ஆரம்பித்து, உருக்கி, முடித்தாக வேண்டும். எடுத்த எடுப்பிலேயே மனத்தில் ஒட்டிக்கொள்ளும் பல்லவி வேண்டும். அந்த வித்தை பாஸ்கரதாஸுக்குக் கைவந்திருந்தது. கொட்டகைக்குப் பூட்டுப் போடலாம். கல்யாண வீடு வீடாகப் போகும் தட்டை எத்தனை போலீஸார் துரத்துவது? சில தட்டுகளுக்குச் சர்க்கார் தடை போட்டதும் உண்டு.

1931 அக்டோபரில் முதல் தமிழ்ப் பேசும் படமான காளிதாஸ் வெளிவந்தது. அதற்கும் பாட்டு எழுதினார். காளிதாசன் கதையில் காந்திக்கும் ராட்டைக்கும் என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை, டி. பி. ராஜலக்ஷ்மி பாடினார், ஜனங்கள் கை தட்டினார்கள்.

சுதந்திரம் வந்து ஐந்தே ஆண்டுகளில், 1952-ல், பாஸ்கரதாஸ் காலமானார். பாடியவர்களின் புகழ் வளர்ந்தது. எழுதியவரின் பெயர் பரணில் ஏறிவிட்டது. நல்ல வேளையாக, அவர் நாட்குறிப்பு எழுதும் பழக்கமுடையவர். பிற்காலத்தில் அது புத்தகமாக அச்சேறியிருக்கிறது. அவர் பேரப்பிள்ளைகளிலும் எழுத்தாளர்கள் உண்டு. கோணங்கி அவர்களில் ஒருவர்.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த பள்ளிகொண்டாப் பெரியவர், பேரனிடம் பென்சில் கொண்டுவரச் சொன்னார். தட்டின் காகித உறைமேல், சுந்தராம்பாள் பெயருக்குக் கீழே, எழுத்துக்கூட்டி எழுதினார்: பாஸ்கரதாஸ்.